ஐஸில் கால் வைக்குமுன்

ஐஸ் அரங்கில் கன்ரீன் நடத்துகிறவளுக்கு ஹொக்கி தெரியத் தேவையில்லை. யாருக்கு எப்போது பசிக்கும் என்று தெரிந்தால் போதும். தொண்ணூறுகளில், ஸ்காபரோவில் ஓர் அரங்கில், பல குளிர்காலம் அந்த வேலையைச் செய்தேன். பல்கலைக்கழகத்தில் கவிதை படித்துவிட்டு வந்து உருளைக்கிழங்கு பொரித்தேன். உங்களில் பலரும் கணக்காளராக விமானம் ஏறிக் காவலாளியாக இறங்கியவர்கள்தான். அதனால் இதற்கு மேல் முன்னுரை வேண்டாம். வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதையும் எங்கள் பேச்சிலேயே தருகிறேன். தொனியை மாற்றவில்லை.

கவுன்ரரின் இரண்டு முனைகள்

எங்கள் அரங்கில் ஆடியவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பெடியன்கள். அவர்களைத் தெரிவு செய்ய இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்து வருகிறவர்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கவுன்ரரின் இடது முனையில் நிற்பார்கள். மேஜர் ஜூனியர் என்ற கனடிய இளைஞர் லீக் அணிகளில் இருந்து வருகிறவர்கள் தோல் ஜக்கெற் போட்டுக்கொண்டு வலது முனையில் நிற்பார்கள். ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். என் கோப்பியை மட்டும் இரு தரப்பும் ஒரே முகச்சுளிப்போடு குடிக்கும்.

கெட்டிக்காரப் பெடியனுக்கு முன்னால் இரண்டு வழி. மேஜர் ஜூனியருக்குப் போனால் பெரிய அரங்கு, பெரிய கூட்டம், காசுக்கு ஆடும் அணிகளுக்குக் குறுக்குப் பாதை. அமெரிக்காவுக்குப் போனால் நான்கு வருடம் படித்துக்கொண்டே ஆடலாம், பிறகு காசுக்கு ஆடப் போகலாம். ஆனால் மேஜர் ஜூனியரில் ஒருமுறை ஆடினால், அது ஒரே ஓர் ஆட்டமாக இருந்தாலும், ஆட்டத்தன்று அணி உடுப்போடு ஐஸில் இறங்கியது மட்டுமாக இருந்தாலும், பல்கலைக்கழகக் கதவு சாத்திக்கொள்ளும். அப்போது அதுதான் சட்டம்.

இரண்டு தரப்பும் என்னிடம் விசாரிக்கும். அவன் எவ்வளவு வேகமாக ஓடுகிறான் என்று கேட்கமாட்டார்கள். அது அவர்களுக்கே தெரியும். ஒருநாள் கழுத்துப்பட்டிக்காரர் ஒருவர் கோப்பிக்குச் சீனி போட்டபடி குனிந்து சொன்னார்: "வெண்ட அண்டைக்கு எல்லாரும் நல்ல பிள்ளையள்தான் மிஸிஸ் ராஜ். தோத்த அண்டைக்குத் தாயோட எப்பிடிக் கதைக்கிறான், அதைச் சொல்லுங்கோ."

கைல் ஆடிய ஆட்டம்

கைல் செம்பட்டைத் தலைப் பெடியன். முன்பற்களில் ஒன்று இல்லை. எது வாங்கினாலும் நன்றி சொல்வான். படிப்பிலும் கெட்டி, இடது முனைக்காரர் அவன் பெயரை மெல்லச் சொல்லிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு செப்ரெம்பரில் மேஜர் ஜூனியர் அணி ஒன்று அவனைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. முகாமின் முடிவில் ஒரு சினேகபூர்வ ஆட்டம். சும்மா ஆடிப் பார் என்றார்கள். புள்ளிக் கணக்கில் சேராத ஆட்டம் சட்டத்திலும் சேராது என்று நினைத்து ஆடிவிட்டான்.

அடுத்த கிழமை இடது முனையில் ஒருவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் அணியின் கோச் அவனைக் கூப்பிட்டு, அந்த ஆட்டமும் சட்டத்தில் சேரும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெடியன் என் கவுன்ரருக்கு வந்து சூடான சொக்கலேற் கேட்டான். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான், குடிக்கவில்லை. கடைசியில் அவனே சொன்னான்: "நான் மூண்டு நிமிஷம்தான் ஐஸில நிண்டனான் மிஸிஸ் ராஜ். மற்ற ரெண்டு நிமிஷமும் பிழை விட்டதுக்குப் பெனல்ற்றி பொக்ஸில இருந்தனான்."

ஐஸுக்கு முதுகு காட்டிய தகப்பன்

எங்கள் அணியின் கோல் காப்பாளன், ஹொக்கிக்காரர் வாயில் கோலி, ஒரு தமிழ்ப் பெடியன், சுதன். குழந்தையாக வந்து ஸ்காபரோவில் வளர்ந்தவன். அவ்வளவு கவசத்துக்குள்ளும் அவன் நிற்பதில் ஒரு நிதானம் இருக்கும். பக் என்ற கறுப்புத் தட்டு பலகையில் மோதும் சத்தத்துக்கு அரங்கமே துள்ளும். அவன் கண் இமைக்காது.

தகப்பன் பரம், பிறம்ரனில் ஒரு பண்டகசாலைக்கு ட்ரக் ஓட்டினார். மகனை ஏற்றிக்கொண்டு வருவார். வந்தால் ஐஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் கவுன்ரரில் சாய்ந்து நிற்பார். "உவன் உந்தக் கறுப்புத் தட்டை மறிக்கிற நேரத்தில ஒரு புத்தகத்தை விரிச்சால் டொக்டராயிடுவான் அக்கா" என்பார். கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது மட்டும் தோள் கொஞ்சம் திரும்பும். உடனே பழையபடி நிற்கும்.

ஒருநாள் இடது முனைக்காரர் ஒருவர் அவரிடம் வந்து, மகன் எப்படிப் படிக்கிறான், எந்தத் துறையில் விருப்பம் என்று கேட்டார். பரம் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் "யெஸ்" என்றார். அந்த ஆள் போனபின் நான் விளக்கினேன்: பல்கலைக்கழகமே இடம் தந்து, படிப்பித்து, ஆடவும் விடும். பரம் அன்றைக்குத்தான் முதல் தடவை ஐஸைப் பார்த்துத் திரும்பி நின்றார். மகன் ஒரு பந்தயக் குதிரைபோல் மூச்சுவிட்டுக்கொண்டு கோல் வாசலில் குந்தி இருந்தான். நீண்ட நேரம் பார்த்துவிட்டுத் தகப்பன் கேட்டார்: "அப்ப உந்தத் தடியைக் கொண்டுபோயே டிகிரி எடுக்கலாமோ அக்கா?"

சொல்லாத செய்தி

மாசி மாதக் குளிரில் ஒருநாள் பரம் வந்தார். சிரிப்பை மீசைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். நான் கவுன்ரரைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தார். பக்கத்தில் ஒருவருமில்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: அமெரிக்காவில் இருந்து ரெலிபோன் வந்தது, சுதனுக்கு இடம் உண்டு, கடிதம் பிறகு வரும்.

"சுதன் என்ன சொல்லுறான்?" என்றேன்.

"அவனுக்குச் சொல்லேல்லை."

"ஏன் பரம்?"

"சொன்னால் பள்ளிக்கூடத்தில சொல்லுவான். அங்கயிருந்து எங்கட ஆக்களின்ர காதுக்கு வரும். கண்ணூறு பொல்லாதது அக்கா. என்ர தங்கச்சியின்ர விசா சரிவந்தது எண்டு சொன்னம், அடுத்த கிழமை நிண்டுபோச்சு."

"கோச்சுக்கெண்டாலும் சொல்லுங்கோவன்."

"உந்தாளின்ர வாய் கதவில்லாத வீடு."

பெண் பார்த்ததை, வீடு வாங்கியதை, வயிற்றில் பிள்ளை தங்கியதை எல்லாம் பொத்திப் பொத்தி வைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் நான் வாதாடவில்லை. ஆனால் அதன்பின் ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் சுதன் ஈரத்தலையோடு வருவான். இடது முனையைப் பார்ப்பான். "அன்ரி, ஆரும் என்னைப் பற்றிக் கேட்டவையோ?" என்பான். நான் கோப்பையை நிறைத்துக் கொடுப்பேன். பங்குனியில் அவன் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பரமிடம் சொன்னேன். அவர் உள்ளங்கையைக் காட்டி என்னை மறித்தார்: "கடிதம் கையில வரட்டும் அக்கா. அதுவரைக்கும் நான் சொல்லவுமில்லை, நீங்கள் கேக்கவுமில்லை."

ஞாயிறு மத்தியானம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னப் பிள்ளைகளின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எங்கள் கோச் கோப்பி வாங்க வந்தார். வழக்கத்துக்கு மாறாக முகம் மலர்ந்திருந்தது. ஒஷாவாப் பக்கத்து மேஜர் ஜூனியர் அணியின் இரண்டாவது கோல் காப்பாளனுக்குக் காய்ச்சல். காலையில் ரெலிபோன் எடுத்தார்கள். சுதனை அனுப்பிவிட்டேன் என்றார். "எந்தக் கொலிஜ் ஆவது உன்னோட கதைச்சதோ எண்டு கேட்டனான். ஒருத்தரும் இல்லை எண்டான். அப்ப ஏன் இஞ்ச இருந்து காயவேணும்?"

பொரிக்கும் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை நிறுத்தினேன். கோச்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பியைக் கவுன்ரரில் வைத்த விதத்தில் பாதி சிந்திவிட்டது. ஒஷாவா அரங்குக்கு ரெலிபோன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் சுதனின் வீட்டுக்கு எடுத்தேன். தாய் வேலைக்குப் போயிருந்தாள். பரம் மொன்றியல் பாதையில் எங்கோ ட்ரக்கில் இருந்தார். அந்தக் காலத்தில் பாதையில் இருக்கிறவனைப் பிடிக்க வழியில்லை.

கைல் மூலை மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மேஜர் ஜூனியர் அணியும் எடுக்காததால் அவன் இன்னும் எங்கள் அணியில்தான் ஆடினான். பழைய கார் ஒன்று வைத்திருந்தான். கோச் ரெலிபோனை விடாமல் பிடித்திருக்க, கைல் எழும்பி, என் குளிர்க் கோட்டை எடுத்து நீட்டினான். நெடுஞ்சாலையில் ஈரப்பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டே வந்தது; துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது. பெரிய லொறிகளுக்கிடையில் அவன் கார் நுழையும்போதெல்லாம் நான் கண்ணை மூடினேன். மெல்லப் போ என்று மட்டும் சொல்லவில்லை. அவனாகவே சொன்னான்: "பயப்படாதேங்கோ மிஸிஸ் ராஜ். எனக்கு இண்டைக்கு எங்கயும் பிந்தேலாது."

வாசற்படி

ஒஷாவாவில் அரங்கு நிறைந்த கூட்டம். ரிக்கற் வாங்கி, படிகளில் ஆட்களை இடித்துக்கொண்டு இறங்கினேன். சேலைக்கு மேல் கோட்டு. கோட்டில் பொரியல் எண்ணெய் மணம். ஆட்டக்காரர் ஐஸுக்கு வரும் ஒடுங்கிய பாதையின் கைப்பிடியைப் போய்ப் பிடித்தேன். விளக்குகளை அணைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் பெயர்கள் வரத் தொடங்கின. இருட்டுக்குள் இருந்து பெடியன்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து ஐஸில் குதித்தார்கள். முதல் கோல் காப்பாளன் போனான். பிறகு சுதன் வந்தான்.

"சுதன்!" என்று கத்தினேன். வாழ்க்கையில் பொது இடத்தில் நான் கத்தியது அது ஒருமுறைதான்.

"அன்ரி? வட் ஆர் யூ டூயிங் ஹியர்?"

"கால் வையாதை! உனக்கு அமெரிக்காவில இடம் கிடைச்சிட்டுது."

அவன் முகமூடியைத் தூக்கினான். ஒரு கால் வாசற்படியைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. "எப்ப?"

"மாசியிலயே ரெலிபோன் வந்தது. அப்பாவோட கதைச்சவை."

"அப்பாவுக்குத் தெரியுமோ?" அவன் தடியை நிலத்தில் ஊன்றினான். "நோ வே அன்ரி. தெரிஞ்சா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கண்ணூறு படுமெண்டு."

பின்னால் நின்றவன் அவன் முதுகில் குத்தினான். "நகரடா, கோலி!" ஐஸ் அவன் காலுக்குக் கீழே வெள்ளையாக, ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பிறகு காலைப் பின்னுக்கு இழுத்துச் சுவரோடு ஒதுங்கி, மற்றவர்களைப் போகவிட்டான். அந்த அணியின் கோச் கழுத்து நரம்பு புடைக்க ஓடிவந்தார். சுதன் மன்னிப்புக் கேட்டு, காரணத்தைச் சொல்லி, என்னைக் காட்டினான். அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்: "ஒரு கன்ரீன்காரி சொன்னாளெண்டோ என்ர கோலி வீட்ட போறான்?"

திரும்பும் வழி

கவசங்கள் பின்சீற்றில் பாதி இடத்தை எடுத்தன. மீதியில் சுதன் ஒடுங்கி இருந்தான். கைல் வானொலியைப் போடவில்லை. நான் தகப்பனுக்காகப் பேச வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். பிள்ளைக்கு நல்லது நடக்கவேண்டும் என்று பொத்தி வைத்தவருக்கும், தன்னை ஒருவருக்கும் வேண்டாம் என்று மாதக்கணக்காக நம்பிய பிள்ளைக்கும் நடுவில் நான் என்ன பேச?

பிக்கரிங் நகரைத் தாண்டியபோது சுதன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்: "என்ர பெயரை வாசிச்சவங்கள், கேட்டதோ அன்ரி? பிழையாத்தான் வாசிச்சவங்கள். ஆனா அவ்வளவு சனமும் கை தட்டினது."

பரமின் கேள்வி

செவ்வாய்க்கிழமை பரம் வந்தார். மகன் அவரோடு பேசவில்லையாம். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறானாம். கோச் ரெலிபோனில் அவரைத் திட்டியிருந்தார். நித்திரை கொள்ளாத கண். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக இல்லை. அவர் நன்றி சொல்லத் தயாராக இல்லை. ஒரு தேத்தண்ணி ஊற்றி வைத்தேன்.

"ஐஸில கால் வைக்கேல்லைத்தானே?"

"இல்லை."

"நீங்கள் உரத்தோ சொன்னனீங்கள்?"

"கத்தினனான்."

"எவ்வளவு சனம் இருக்கும்?"

"அரங்கு நிறைய."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு கவுன்ரருக்கு மேலால் என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்: "தமிழ் ஆக்கள் ஆரும் நிண்டவையோ அக்கா?"

வைகாசியில் கடிதம் வந்தது, ஆவணியில் பெடியன் போனான். அத்தனை குளிர்காலம் அந்தக் கவுன்ரரில் நின்றதில் காசு வாங்காமல் நான் கொடுத்தது ஒரே ஒரு செய்திதான், அதுவும் என்னுடையதல்ல.