பத்திரிகையில் முதல் பெயர்

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் பிரிய வரப்புத் தகராறெல்லாம் தேவையில்லை. காதுகுத்துப் பத்திரிகையில் சித்தப்பா பெயரை ஒரு வரி கீழே இறக்கினால் போதும். மனுஷன் விசேஷத்துக்கு வரமாட்டார், அதற்கடுத்த சாவுக்கும் வரமாட்டார்.

உறுவையாறு இளவரசி வீட்டில் அப்படித்தான் நடந்தது. அவள் தம்பி காதுகுத்தோடு போன சித்தப்பா பத்து வருடமாகத் திரும்பவில்லை. பி.சி.ஏ. இரண்டாம் வருடம் வெப்சைட் ஒன்று செய்யச் சொன்னார்கள். சோரியாங்குப்பம் பிரியதர்ஷினியான நான் உட்பட வகுப்பு மொத்தமும் ஒரே ஆன்லைன் புத்தகக்கடையைக் காப்பியடித்து, நிறத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். இளவரசி மட்டும் பத்திரிகை செய்தாள். போனில் திறக்கிற பத்திரிகை. அதில் ஒரு வேலை வைத்திருந்தாள். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் தனித்தனி லிங்க் போகும். லிங்க்கின் கடைசியில் யார் பெயர் இருக்கிறதோ அது தானாகவே முதல் வரிக்கு ஏறிவிடும். சித்தப்பா திறந்தால் சித்தப்பா முதலில், பெரியப்பா திறந்தால் பெரியப்பா முதலில். பட்டியலில் போட மறந்த பெயராக இருந்தாலும் ஏறும். விட்டுப்போன சொந்தம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அப்படி எழுதியிருந்தாள்.

வெளியே தெரிந்தால் கெட்டது. அதனால் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்: அவளுக்கு, எனக்கு, அவள் மாமன் மகன் கலைவேந்தனுக்கு. அவன்தான் பைக்கில் வில்லியனூர், பாகூர் என்று சுற்றி ஆர்டர் பிடித்தான். ஒரு வருடத்தில் நாற்பது விசேஷம். ஒரு சண்டை வரவில்லை. தன் பெயர் மேலே இருப்பதைப் பார்த்தவர் எவரும் அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கவில்லை.

சரி, இனி எரிச்சலான பகுதி. அந்த வெப்சைட்டைப் பதிவு செய்த அன்று நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். போன் நம்பர், மெயில் கேட்டது. கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்திருந்த அவள் அப்பா ராமு, "பொட்டப்புள்ள நம்பரு ஊரெல்லாம் சுத்தக்கூடாதும்மா. கலைவேந்தன் நம்பரப் போடு. வேற ஆளா அவன்?" என்றார். இளவரசி யோசிக்கக்கூட இல்லை. எங்கள் வீட்டிலும் என் சிம் அண்ணன் பேரில்தான். கலைவேந்தன் நம்பரைத் தட்டியது இந்தக் கைதான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடைசி வருடம், மாணவர் கம்பெனிகளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். தேர்வானால் டவுனில் உட்கார இடமும் ஒரு வருடம் சொல்லிக்கொடுக்க ஆளும் கிடைக்கும். வந்த வேலையைக்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டு இளவரசி அதற்கு மனுப் போட்டாள். வெப்சைட் உன்னுடையதுதானா என்று உறுதி கேட்டார்கள். ஓ.டி.பி. கலைவேந்தன் போனுக்குப் போனது. கேட்டால், "டவர் இல்ல, அப்புறம் சொல்றேன்" என்றான். மூன்றாம் நாள் பாஸ்வேர்டு மாறியிருந்தது. அதே தேர்வுக்கு அவனே மனுப் போட்டிருந்தான்.

நேரில் போய்க் கேட்டோம். "நீ நாளைக்குக் கல்யாணமாகிப் போற பொண்ணு. உனுக்கு இன்னாத்துக்குடி கம்பெனி?" என்றான், சிரித்துக்கொண்டே. தேர்வு நடத்தியவர்களிடமும் போனோம். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: பதிவு யார் பேரில் இருக்கிறது?

நான்காம் நாள் ராமு அப்பா, "மாமன் வூட்டப் பகைச்சிக்க முடியாதும்மா. நாளைக்கு உன் கல்யாணத்துல மாமன் வந்து நிக்கலன்னா ஊரு இன்னா பேசும்?" என்றார். அதோடு முடிந்தது. நல்ல மனுஷர்தான், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

போன மாதம் கலைவேந்தனுக்கு வில்லியனூரில் ஆபீஸ் திறப்பு. அழைப்பு லிங்க்காக வந்தது. நான் அன்றைக்கு உறுவையாற்றில் இருந்தேன். இளவரசி போனை வாங்கித் திறந்த அப்பாவின் முகம் மலர்ந்துபோனது.

"பாரும்மா, உன் பேரத்தான் மொதல்ல போட்டுருக்கான். இதுக்குப் போயி இத்தினி நாளு மூஞ்சத் தூக்கி வச்சிருந்தியே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அம்மா கஸ்தூரியின் போனுக்கு வந்திருந்த லிங்க்கைத் திறந்தேன். முதல் வரியில் கஸ்தூரி. கீழே, நிறுவனர் கலைவேந்தன். அப்புறம் அவன் அப்பா, அவன் கூட்டாளிகள், டீக்கடைக்காரர் வரை. கடைசி வரி வரை இழுத்துப் பார்த்தேன். அவர் முன்னால் நீட்டினேன்.

"இதுல இளவரசி பேரு எங்கப்பா இருக்குது, காட்டுங்க."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, கஸ்தூரியயும் மொதல்ல போட்டுருக்கான். மரியாத தெரிஞ்ச புள்ள." பிறகு என்னிடம், "அதான் அவ பேரு அவ போன்லயே இருக்குதேம்மா" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இளவரசி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா அவள் போனோடு பக்கத்து வீட்டுக்குக் காட்டப் போய்விட்டார். அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வுடுடி," என்றாள். "நான் எழுதுனது நல்லாத்தான் வேல செய்யுது."