மாமாவின் ட்ரம்பெட்டுக்கு நான் தெரிவு செய்த குழாய்

எனக்குக் காது கேட்கும். அதற்குமேல் அந்த உறுப்பால் எனக்கு எந்தப் பிரயோசனமும் கிடையாது. போன மாதம்கூட வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டில் பிரஷர் குக்கர் கூவியதைக் கேட்டு, கரையோர ரயில் வந்துவிட்டது என்று ஒரு சப்பாத்தை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடியவன் நான். அப்படிப்பட்டவன் பதினொரு வயதில் ஒரு ட்ரம்பெட்டின் ஒலிக்கு நீதிபதியாக இருந்து தீர்ப்பு வழங்கியிருக்கிறேன். வெட்கமில்லாமல், காரணங்களும் சொல்லி.

ட்ரம்பெட் என் தாய்மாமாவுடையது. அவர் துறைமுகத்தில் சீமெந்துக் கிடங்கில் எழுதுவினைஞர். கொட்டாஞ்சேனையில் அவருடைய கோயில் பாண்டில் முதல் ட்ரம்பெட். திருவிழா அன்று தோளில் தூக்கிவரும் புனிதரின் சுரூபம் கோயில் வாசலைத் தாண்டும்போது மற்ற வாத்தியங்கள் எல்லாம் மௌனமாக நிற்க, முதல் ட்ரம்பெட் தனியாக ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கவேண்டும். சுரூபம் படியிறங்கித் தெருவுக்கு வரும்வரை அது அறக்கூடாது. அந்த ஒரு நீட்டலுக்காகத்தான் மாமா வருடம் முழுவதும் மீசையைக் கத்தரித்து வைத்திருந்தார் என்பது மாமியின் கணிப்பு.

அந்த வருடம் ஒத்திகையில் நீட்டல் பாதியில் அறுந்தது. ஒருமுறை அல்ல, மூன்று முறை. வாத்தியத்தை ஒருக்கால் பார்ப்பிக்கச் சொன்னார் பாண்ட் மாஸ்டர். சரிவராவிட்டால் இந்த முறை பக்கத்தில் ஊதும் இளைஞன் அந்த நீட்டலைப் பிடிக்கட்டும் என்றும் மரியாதையாகச் சொல்லிவைத்தார். மாமா வீட்டுக்கு வந்து ட்ரம்பெட்டைக் கழற்றிப் பார்த்தார். ஊதுவாய் செருகுகிற முதல் குழாயை, லீட்பைப் என்பார்கள், வருடக்கணக்கான எச்சில் தின்றிருந்தது. செம்புள்ளிகள், நடுவே ஊசிமுனை அளவில் ஓர் ஓட்டை. சொந்த வாத்தியத்தில் ஓட்டையைக் கண்டு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் பிறகு பார்த்ததில்லை. அப்போது அது எனக்கு விசித்திரமாகவும் படவில்லை.

மருதானைப் பக்கம் பித்தளை வாத்தியங்கள் திருத்தும் ஒரு சிங்களத் தொழிலாளி, பாஸ் என்று கூப்பிடுவோம், இருந்தார். பழைய குழாயைச் சூடுகாட்டிக் கழற்றிவிட்டு, மூன்று புதுக் குழாய்களை ஒரு சனிக்கிழமை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் வளையத்தால் தற்காலிகமாகக் கட்டி ஊதிப் பார்ப்பது, பிடித்ததை ஈயம் வைத்து ஒட்டிவிடுவது என்பது ஏற்பாடு. அடையாளத்துக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் நூல்கள் சுற்றியிருந்தார்.

அன்று அந்த அறையில் யாரும் யாரையும் நம்பவில்லை. ஒட்டும்போது பாஸ் குழாயை மாற்றிவிடுவார் என்று மாமா மூன்றின் உள்விளிம்பிலும் ஊசியால் இரகசியக் கீறல் போட்டார். மாமா கீறுவதை ஓரக்கண்ணால் பார்த்த பாஸ், தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமல் தன் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து முன்னறை மேசையில் சூடுபட்ட தடம் பதிக்கப் போகிறார்கள் என்ற சந்தேகத்தில் மாமி கதவோரம் நின்றார். அம்மா அனுப்பி வந்திருந்த நான் சும்மா இருந்தேன். என்னை மாமா கூப்பிட்டார்.

ஊதுகிறவனுக்குத் தன் ஒலி சரியாகக் கேட்காது, வெளியாள் ஒருவன் பார்க்காமல் கேட்டுச் சொல்லவேண்டும் என்று விளக்கினார். ஒரு கதிரையைச் சுவருக்கு எதிரே போட்டார்.

“கண்ணை மூடு எண்டு சொல்லமாட்டன். நீ கள்ளமாத் திறப்பாய். சுவரைப் பாத்துக்கொண்டு இரு, காணும்.”

முதல் குழாய் ஊதப்பட்டது. லொறி ஹோன் மாதிரி இருந்தது. இரண்டாவது. அதே லொறி. மூன்றாவது, லொறி இன்னும் போகவில்லை. எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது: மாமா குழாயை மாற்றவே இல்லை, ஒன்றையே மூன்று தரம் ஊதி என்னை முட்டாளாக்கப் பார்க்கிறார். முகத்துக்கு எதிரே சுவரில் திரு இருதய ஆண்டவரின் படம் தொங்கியது. படத்தின் கறுப்பான பின்னணிக் கண்ணாடியில், யன்னல் வெளிச்சத்தில், மாமா முழுதாகத் தெரிந்தார். நூலின் நிறம்கூடத் தெரிந்தது. ஆண்டவரே காட்டித்தரும்போது பார்ப்பது பாவமில்லை என்று எனக்கு நானே பாவமன்னிப்பு வழங்கிக்கொண்டேன்.

இரண்டாம் சுற்று. மாமா உண்மையாகவே மாற்றினார். சிவப்பு நூலில் நெற்றி நரம்பு புடைத்தது. பச்சையில் கழுத்தும் சேர்ந்து புடைத்து, முடிவில் கண் கலங்கியது. மஞ்சளில் மட்டும் முகம் இளகி, ஊதி முடித்தபின் கண்ணை ஒருகணம் மூடினார். அவருக்குப் பிடித்தது மஞ்சள்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஒரு துப்பறிவாளனின் பெருமை என் முதுகுத்தண்டில் ஏறியது.

“கடைசியாய் ஊதினதுதான் மாமா.”

ஏன் என்று கேட்டார். மற்ற இரண்டும் தட்டையாக இருக்கின்றன, இதில் உருண்டை இருக்கிறது என்றேன். உருண்டை என்ற சொல் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது. வரிசையைக் குலைத்து இன்னும் மூன்று சுற்று ஊதினார். மூன்றிலும் மஞ்சளையே காட்டினேன். கதவோரத்தில் மாமி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். மாமா என் தலையைத் தடவினார்.

பாஸ் ஒப்பவில்லை. மஞ்சள் உள்ளே ஒடுங்கிய குழாய், கொஞ்சக் காற்றுக்கே பேசும், ஆனால் சத்தம் சின்னது என்று சிங்களத்தில் விளக்கிவிட்டு, எனக்காகத் தமிழிலும் சொன்னார்.

“வீட்டுக்குள்ள நல்லம் மாத்தயா. றோட்டுக்குப் பத்தாது. பச்சையை எடுங்க.”

மாமாவின் சந்தேகம் உறுதியானது. எவனோ கப்பல்காரனிடம் வாங்கி விலைபோகாமல் கிடந்த பச்சையைத் தலையில் கட்டப் பார்க்கிறான் இந்த மனிதன்.

“பொடியன் நாலு தரமும் பிழைக்கேல்ல பாஸ். அவன்ட காது சொல்லுது.”

பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீண்ட பார்வை. அந்த இடத்தில் வாயைத் திறந்து படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். என் வாழ்க்கையில் யாரும் என் காதைப் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. பாஸ் மஞ்சள் குழாயை ஒட்டினார். ஒட்டியபின் மாமா உள்விளிம்பின் கீறலைச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. பாஸ் நேர்மையானவர் என்பது அவருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்திருக்கவேண்டும்.

திருவிழாவன்று சுரூபம் வாசலைத் தாண்டியது. மாமா ட்ரம்பெட்டை உயர்த்தினார். நான் நாலடி தூரத்தில் நின்றேன். அவருடைய கன்னம் உப்பியிருப்பது தெரிந்தது. ஆனால் கோயில் மணி அடித்தது, தெருமுனையில் சீனவெடி வெடித்தது, சனம் செபம் சொல்லியது. இதற்கெல்லாம் நடுவில் மாமாவின் சுரம் யன்னல் சீலைக்குப் பின்னால் யாரோ கதைப்பதுபோல இருந்தது. அது அறவில்லை, அதைச் சொல்லவேண்டும். கடைசிப் படிவரை பிடித்தார். ஆனால் மூன்றாம் படியிலேயே பாண்ட் மாஸ்டர் இளைஞனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டார். அவனுடைய ட்ரம்பெட் எழுந்ததும் சனம் நிமிர்ந்து பார்த்தது. அடுத்த வருடம் முதல் ட்ரம்பெட் அவன்தான்.

மாமா என்னைக் குறைசொல்லவில்லை. வெடி கூடிப்போச்சு என்றார். அந்த இளைஞனின் ஊதல் வெறும் தட்டை, உருண்டை இல்லை என்று எல்லாரிடமும் சொன்னார். என்னுடைய சொல்லை ஒரு பெரியவர் மேற்கோள் காட்டுகிறார் என்று பூரித்துப்போனேன்.

சீமெந்துத் தூள் நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்பதும், மாடிப்படியில் இரண்டு தரம் நின்று ஏறுகிற மனிதர் அகலமான குழாயை எப்படி நிரப்புவார் என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அதற்குள் மாமா போய்விட்டார். பிறகு ஒருநாள் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் தட்டியது. கதிரையை அந்தப் படத்துக்கு நேரே போட்டவர் அவர்தானே? மற்றக் குழாய்கள் தன்னால் முடியாது என்று தன் வாயால் சொல்லாமல், அதை என் வாயால் சொல்விக்கத்தான், முகத்தை வாசிக்கக்கூடிய ஒரு பிள்ளையாகப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்தாரோ? இது எனக்கு மிகவும் பிடித்துப்போன சந்தேகம். பல வருடம் வைத்து மெருகேற்றினேன். கடைசியில் போன திருவிழாவுக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது, வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியிடம், கண்ணாடி விஷயத்தையும் ஒப்புக்கொண்டு, முழுவதையும் சொன்னேன்.

மாமி தண்டைக் கிள்ளி ஒருபக்கம் போட்டார்.

“உன்னை எங்க, தம்பி, அவர் கேட்டவர்? உன்ர அண்ணனைத்தான் வரச்சொன்னவர். அவனுக்கு அண்டைக்கு டியூசன் எண்டு உன்ர அம்மா உன்னை அனுப்பிவிட்டவ.”