உறை பிரிந்திருந்த உடுப்பு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மதியம் 2:40க்கு.

ஊசி மருந்து நிரப்பும் கம்பெனியில் வேலை பார்த்தேன். நிரப்பும் அறைக்குள் ஒரு தூசி போகக் கூடாது. தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடுப்பு போட வேண்டும். போட்டுவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

எனக்கு வீசிங் உண்டு. மறைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் படுத்த படுக்கை, பிள்ளைக்கு இரண்டு வயது. வேறு வழியில்லை.

அன்று மீடியம் சைஸ் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதன் பிளாஸ்டிக் உறை ஓரத்தில் பிரிந்திருந்தது. அப்படி இருந்தால் தொடவே கூடாது. லார்ஜ் போட்டால் தொளதொளவென்று மெஷினில் மாட்டும். இன்டர்காமில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

“சார், உறை பிரிஞ்சிருக்கு.”

“பேட்ச் காத்துக்கிட்டு இருக்கும்மா. போட்டுக்கிட்டுப் போ.”

எதிர்த்துப் பேசத் துணிச்சல் இல்லை. போட்டேன்.

தலைமூடியின் விளிம்பைக் கழுத்துப் பட்டிக்குள் சொருகக் கை எட்டவில்லை. பின்னாலிருந்து யாரோ சொருகிவிட்டார்கள். தோளில் இரண்டு தட்டு.

“தேங்க்ஸ்க்கா.”

கண்ணாடியைப் பார்த்தேன். நான் மட்டும்தான் நின்றேன்.

2:47. நிரப்பும் அறைக்கு முன்னால் ஒரு குட்டி அறை. ஒரு கதவு மூடினால்தான் மறு கதவு திறக்கும். தரையே எடை பார்க்கும்; ஒருவருக்கு மேல் நின்றால் திறக்காது. பின்கதவு மூடியது. முன்கதவு திறக்கவில்லை. சிவப்பு விளக்கு.

உஸ்ஸ்...

என் மூச்சுதான் என்று நினைத்தேன். அடக்கிப் பார்த்தேன்.

உஸ்ஸ்... நிற்கவில்லை. தலைமூடிக்குள். என் காதோரம்.

நெஞ்சு இறுகியது. இன்ஹேலர் வெளியே லாக்கரில். இன்டர்காமை அடித்தேன்.

“சார்... கதவத் திறங்க...”

“தரையில ரெண்டு பேர் வெயிட் காட்டுதே! ஒருத்தர்தான வரணும்? கூட யாரு?”

“நான் ஒருத்திதான் சார்... மூச்சு... முடியல...”

ஜிப்பைக் கீழே இழுத்தேன். இழுக்க இழுக்க, உள்ளிருந்து ஏதோ அதை மேலே ஏற்றியது.

“விட்ரு... என் புள்ள சின்னது... விட்ரு...”

கண் இருட்டியது.

கழுத்தோரத் துணியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

கிழித்தேன்.

டிக்.

பச்சை விளக்கு.

2:53க்கு வெளியே வந்து விழுந்தேனாம். முதலுதவி அறையில் கிடத்தியிருக்கிறார்கள். வீசிங் விஷயம் தெரிந்துபோனது. வேலையும் போனது. அதற்கு அழக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஐந்தாம் நாள், கம்பெனி லேப்பில் வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள். வெளியே வரும் ஒவ்வொருவரும் கையுறை விரல்களைக் கூழ் ஊற்றிய தட்டில் பதிக்க வேண்டும். கிருமி வளர்கிறதா என்று பார்க்க. வலது கைக்கு ஒரு தட்டு, இடது கைக்கு ஒரு தட்டு. அன்று நான் பதிக்கவே இல்லை.

“அக்கா, உங்க பேர்ல ரெண்டு தட்டு இருக்கு. நேரம் 2:58.”

“அப்ப நான் மயங்கிக் கிடந்தேன்டி.”

“அது மட்டும் இல்லக்கா...” அவள் குரல் இறங்கியது. “கட்டைவிரல் தடத்தப் பாத்தா, ரெண்டுமே இடது கை.”