அமாவாசைப் பொட்டலம்

உள்ளறையில் தகரப் பெட்டியின் மூடி கிறீச்சிட்டது.

அடுப்படியில் தக்காளி அரிந்துகொண்டிருந்த ஆக்சிலியாவின் கை நின்றது. அவள் சிறுமியாய் போர்டிங்கில் இருந்தபோது வைத்திருந்த பெட்டி அது. இத்தனை வருடமாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது. அவள் மகள் பிளசியைக்கூட அதைத் தொட விட்டதில்லை.

"அங்க என்ன தேடற?"

"போர்வை இருக்குதான்னு பாத்தேன் கண்ணு. படுத்தா குளுருது."

அம்மாவின் குரல்தான். மிக்கேலம்மாள். காலை ஒன்பது மணி ஓசூர் பஸ்ஸில் மாரண்டஹள்ளி வந்து இறங்கி, விசாரித்து விசாரித்து மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று அமாவாசை. தக்காளி மண்டிக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் விடுமுறை என்பதால், அங்கே தரம் பிரிக்கும் வேலை செய்யும் ஆக்சிலியா வீட்டில் இருந்தாள். கணவன் டேவிட்ராஜ் வண்டியை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு பாலக்கோடு போயிருந்தான். பிளசி பள்ளிக்கூடத்தில்.

பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, டீயைக் குடித்து முடித்த பிறகுதான் மிக்கேலம்மாள் விஷயத்துக்கு வந்தாள். முட்டி தேய்ந்துவிட்டது. எந்த மேஸ்திரியும் இப்போது வேலைக்குக் கூப்பிடுவதில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"பாக்க வர்ற ஆளு பேரு ஒண்ணு எழுதணுமாம். உம் பேரைக் குடுக்கட்டுமா?"

ஆக்சிலியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரும் இல்லன்னு எழுதிக்கச் சொல்லு."

டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள் மிக்கேலம்மாள். "செத்த நேரம் படுத்துட்டுப் போறேன்" என்று உள்ளே போனாள்.

பெற்றவளிடம் ஒருத்தி இப்படிப் பேசுவாளா? பேசுவாள். முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்ந்தவள் பேசுவாள்.

ஆக்சிலியாவுக்கு எட்டு வயதில் அப்பா இறந்தார். ஒரு மாதம் போனதும் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போய் சிஸ்டர்களின் போர்டிங்கில் சேர்த்துவிட்டு, பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளைகளைப் பார்க்க மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் அனுமதி. அன்றைக்குப் பூசை முடிந்ததும் அத்தனை பெண்களும் எண்ணெய் வைத்துத் தலைசீவி, சிவப்பு ரிப்பன் கட்டி, கேட்டை ஒட்டிய நீள பெஞ்சில் உட்காருவார்கள். சிஸ்டர் பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாக எழுந்து ஓடுவாள். பெஞ்சு காலியாகிக்கொண்டே வரும். நாலு மணிக்கு மணி அடிக்கும்போது ஆக்சிலியா மட்டும் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றோடு ஒரு முட்டை உண்டு. அம்மா பசியோடு வருவாள் என்று அதைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருப்பாள். சாயங்காலம் அது நாறும். கொண்டுபோய் வேலிக்கு வெளியே எறிவாள். அடுத்த மாதமும் வைத்திருப்பாள்.

"உங்கம்மா பெங்களூர்ல பெரிய பங்களா கட்டறாங்களாமே, அதுல உனக்கு ஒரு ரூம் இருக்குதாடி?" என்று கேட்டுச் சிரிப்பாள் பக்கத்துப் படுக்கை கலைமதி.

ஐந்து வருடத்தில் அம்மா அந்த கேட்டுக்குள் வந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் ஆக்சிலியா வாய் திறக்கவில்லை. விடுமுறைக்கெல்லாம் பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்த சின்னம்மாதான் அழைத்துப் போனாள். கடைசியில் கல்யாணம் செய்து வைத்தவளும் அவள்தான். அந்தக் கல்யாணத்துக்கு யாரோபோல வந்து கோயிலின் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனாள் மிக்கேலம்மாள். 'ஏன் வரல?' என்ற ஒரு கேள்வியை மட்டும் ஆக்சிலியா இருபத்தைந்து வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தாள், அந்த முட்டையைப் போல.

இப்போது உள்ளறை வாசலில் நிழலாடியது. மிக்கேலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கம்பிச் சங்கிலி. கட்டிட வேலையில் கம்பிகளைப் பிணைக்கும் மெல்லிய கட்டுக்கம்பித் துண்டுகள், ஒவ்வொன்றும் வளையமாகி ஒன்றோடொன்று கோத்திருந்தன. நாற்பதுக்கு மேல் இருக்கும். கிழவியின் முகம் பூரித்திருந்தது.

"இதையெல்லாமா எடுத்து வெச்சிருக்க, பாப்பா?"

"அது போர்டிங்ல மிட்டாய்ப் பொட்டலத்துல வர்ற கம்பி. குப்பையில போடுவாங்க. சும்மா எடுத்துக் கோத்தேன்."

"சும்மாவா? நான் முறுக்கிக் கட்டினதாச்சே."

ஆக்சிலியாவுக்குப் புரியவில்லை. "நீ எங்க கட்டின?"

"மாசா மாசம் பன்னும் தேன்மிட்டாயும் வாங்கி, கயிறு இல்லாம இந்தக் கம்பியிலதான முறுக்குவேன். கேட்டுக்காரர் கையில குடுத்து உம் பேரைச் சொல்லிட்டு வருவேன்."

"என்னைக்கு?"

"அமாவாசைக்கு அமாவாசை. சித்தாளுக்கு ஞாயித்துக்கிழமை ஏது லீவு? அமாவாசைக்குத்தான் மேஸ்திரி வேலையை நிறுத்துவாரு. விடிய முந்தி பஸ் ஏறினா மத்தியானம் உங்க கேட்டுகிட்ட வந்துருவேன். பள்ளிக்கூட நேரம், பாக்க முடியாதும்பாங்க. எதிர்த்த டீக்கடைல உக்காந்து, நீ தண்ணி குடிக்க வெளிய வர்றியான்னு பாத்துட்டு, நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பிருவேன்."

ஆக்சிலியா கையிலிருந்த தக்காளியைக் கீழே வைத்தாள்.

மற்ற நாட்களில் வெளியிலிருந்து எது வந்தாலும் பொதுவில் சேர்த்துவிடுவது போர்டிங் வழக்கம். யாருமற்ற பிள்ளை ஏங்கிவிடக் கூடாதே என்று வைத்த வழக்கம். ஏதோ ஒரு செவ்வாயிலோ வியாழனிலோ இரவுச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் ஒரு விள்ளல் பன், ஒரு தேன்மிட்டாய் வரும். சிஸ்டர்கள் வாங்கித் தருகிறார்கள் என்றுதான் ஆக்சிலியா நினைத்தாள். யாருடைய அம்மா கொண்டுவந்தது என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அமாவாசையும் முதல் ஞாயிறும் ஒன்றாக வந்தது ஐந்து வருடத்தில் இரண்டே முறை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"உள்ள விட்ட அன்னைக்குக் கேட்டேனே. பன்னு, மிட்டாயெல்லாம் தின்னியான்னு. தலையாட்டினியே. நாந்தான் கொண்டாந்தேன்னு உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன். கூட இல்லாத கோவத்துல பேசமாட்டேங்கிறன்னு நெனச்சேன்."

தலையாட்டியது உண்மை. சிஸ்டர்கள் தந்ததைக் கேட்கிறாள் என்று நினைத்து ஆட்டிய தலை. ஆக்சிலியா ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். சிமெண்டு தின்ற விரல்கள். கேட்டுக்கு வெளியே நாற்பது ஐம்பது முறை வந்து நின்றுவிட்டுப் போன கால்களைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நீ எங்கியும் போக வேண்டாம். இங்கியே இரு. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மிக்கேலம்மாள் மகளின் கண்களைத் துடைத்தாள். அப்புறம் தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"காலையில சொல்லியிருந்தா இருந்திருப்பேன் கண்ணு. இருன்னு ஒரு வார்த்தை வருமான்னு பாக்கத்தான் மொதல்ல இங்க வந்தேன். இப்ப நீ பாவம் பாத்துச் சொல்ற. அந்தச் சோறு எனக்கு எறங்காது."

"அம்மா..."

"கோவமில்ல சாமி. சத்தியமா கோவமில்ல."

ஒயர் கூடையை எடுத்துக்கொண்டாள். அதில் இரண்டு புடவையும் ஒரு ஜெபமாலையும் இருந்தன. பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்று செருப்பைத் தேடிய ஆக்சிலியாவைத் தடுத்தாள்.

"வேண்டாம். விட்டுட்டுத் திரும்பி நடக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது உனக்கு வேண்டாம்."

"எம் பேரையே எழுது. நான் வரேன். என்னைக்குப் பாக்க விடுவாங்க?"

"முதல் ஞாயித்துக்கிழமை" என்றாள் மிக்கேலம்மாள்.

ஞாயிறு மண்டியில் லோடு அதிகம். அன்றைக்கு வராதவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மண்டிக்கு இன்றைக்கு ஏன் லீவு என்று காலையில் வந்ததும் கேட்டவளாயிற்றே.

"உனக்கு லீவு என்னைக்கோ அன்னைக்கு வா. உள்ள விடலன்னா கேட்டுல பேரைச் சொல்லிட்டுப் போ. நான் கேட்டுகிட்டயே உக்காந்திருப்பேன்."

சங்கிலியை மகளின் உள்ளங்கையில் சுருட்டி வைத்து, விரல்களை மூடிவிட்டாள். படியிறங்கி, வெயில் கண்ணைக் கூச ஒரு நிமிடம் நின்றாள். பிறகு வெளியிலிருந்து தானே கதவை இழுத்துச் சாத்தினாள்.