பாவாடையை வெளியே எடுத்த பத்து நிமிஷம்

நாராயணசாமி கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். வாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் போகவில்லை. மனைவி ரங்கம்மாள் அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டாள். பார்க்க வருகிறவர்கள் சர்க்கரை ஆலையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வார். கூடைப்பந்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். எண்பத்தேழாம் வருஷத்து ஆட்டம் ஒன்றுதான் அதற்குக் காரணம்.

அவருக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம். வேலை, கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஓர் ஆலையின் சோதனைக்கூடத்தில். வந்திறங்கும் கரும்பைப் பிழிந்து, சாற்றில் சர்க்கரை எவ்வளவு தேறும் என்று சொல்ல வேண்டும். விவசாயிக்கு எடை மேடையின் முள்தான் கண்ணில் படும். தண்ணீரை அள்ளிப் பாய்ச்சிய கரும்பு எடை நிற்கும். பிழிந்தால் சர்க்கரை இருக்காது. இருபது வருஷம் இதையே பார்த்ததில் எதன் எடையையும் நம்பாத மனுஷராகிவிட்டார்.

கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர் என்பதால் ஆலை டீமுக்கு அவரையே கோச்சாகப் போட்டார்கள். டீமில் பாதிப் பேர் அரவைக் காலத்துக்கு மட்டும் வேலைக்கு வருகிறவர்கள். அரவை முடிந்தால் கிடைத்த கூலிக்குப் போக வேண்டியதுதான். வருஷத்துக்கு ஒரு ஆட்டக்காரனை மேனேஜர் ராமசாமி நிரந்தரமாக்குவார். அந்த வருஷம் போட்டி இரண்டு பேருக்குள் நின்றது.

ஒருவன் தமிழ்வேந்தன். கரும்பு நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. பந்து கைக்கு வந்தால் கூடையைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டான். ஆட்டத்துக்கு இருபது பாயிண்ட் நிச்சயம். இன்னொருவன் பாவாடை, அந்தப் பக்கத்துச் சாமியின் பெயர். கச்சிராயபாளையம் பக்கத்து நிலமில்லாத குடும்பம், ஆலையில் கரும்புக் கட்டு இறக்குகிற வேலை. ஆறடிக்கு மேல் உயரம் இருந்தும் நாலு பாயிண்ட் போட்டால் அதிகம். எதிர் டீமில் யார் சிறந்தவனோ அவனோடு ஒட்டிக்கொள்வான். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாவாடையின் நெஞ்சு முன்னால் நிற்கும். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்து, பக்கத்திலிருப்பவனிடம் கொடுத்துவிட்டு ஓடுவான்.

நாராயணசாமி இவர்களையும் பிழிந்து பார்த்தார். ஒருவன் இறங்கும்போது இரண்டு டீமுக்கும் என்ன பாயிண்ட், வெளியே வரும்போது என்ன பாயிண்ட் என்று அந்தப் பருவம் முழுக்கக் குறித்து வைத்தார். தமிழ்வேந்தன் உள்ளே இருக்கையில் டீம் போட்டதும் கொடுத்ததும் ஏறக்குறையச் சமம். பாவாடை உள்ளே இருந்த நேரமெல்லாம் டீம் மேலே ஏறியது. அவன் வெளியே வந்தால் இறங்கியது.

“இந்த வருஷம் பாவாடைக்குத்தான் சார் குடுக்கணும்” என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னார்.

“நாலு பாயிண்ட் போடறவனுக்கா? இன்னாங்க நாராயணசாமி, வெயில்ல நின்னுட்டு வந்தீங்களா?”

“அவன் இருந்தா எதிராளி போடறது கம்மியாவுது சார்.”

“போடாதத நான் எங்கங்க பாக்கறது? கண்ணுக்குத் தெரியறாப்ல காட்டுங்க. ஃபைனலுக்கு வரேன்.”

பாவாடைக்கு இந்தப் பேச்சு தெரியாது. வேலை நிரந்தரமானால் மனைவி பெரியம்மாளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கல் சுமக்கப் போக வேண்டாம் என்பது மட்டும் தெரியும்.

ஃபைனல் செப்டம்பரில், கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஊர்ச் சுவர்களில் எல்லாம் சுண்ணாம்பில் இருபது சதவீதம் இருபது சதவீதம் என்று எழுதியிருந்த நேரம். அடுத்த வாரம் சாலை மறியல் என்று பேச்சு. எதிரே கடலூர் டீம். அதன் கேப்டன் பெயர் போன ஆட்டக்காரன். பாவாடை அவனை அசைய விடவில்லை. பத்து நிமிஷம் மிச்சம் இருக்கையில் ஆலை டீம் ஒன்பது பாயிண்ட் முன்னால் நின்றது.

நாராயணசாமி மேனேஜரைப் பார்த்தார். அவர் சோடா குடித்துக்கொண்டு, தமிழ்வேந்தன் கூடை போடும்போதெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தார். பாவாடை பக்கம் அவர் பார்வை போகவே இல்லை.

அப்போதுதான் நாராயணசாமி அதைச் செய்தார். விசில் விழுந்ததும் கையைத் தூக்கிப் பாவாடையை வெளியே கூப்பிட்டார்.

“எனக்கு ஒண்ணியும் இல்ல சார். மூச்சு கூட வாங்கல.”

“ஒக்காரு. உன் நல்லதுக்குத்தான்.”

நினைத்தபடியே நடந்தது. கட்டவிழ்த்த மாடு மாதிரி கடலூர் கேப்டன் வரிசையாகப் போட்டான். மறிக்க ஆளில்லாமல் ஆட்டம் இரு பக்கமும் ஓட்டமாக ஆனது. தமிழ்வேந்தனும் பதிலுக்குப் போட்டான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

“சார், நான் எறங்கட்டா?” என்றான் பாவாடை.

“இரு. இன்னும் ரெண்டு கூடை போவட்டும்.”

மேனேஜர் கண்ணில் நன்றாகப் படட்டும் என்று இருந்தார். விசில் விழுந்து ஆட்டம் நின்றால்தான் ஆளை மாற்றலாம்; பிறகு அனுப்ப நினைத்தபோது விசில் விழவில்லை. கோச் கேட்டு ஆட்டத்தை நிறுத்தும் டைம் அவுட்டும் தீர்ந்திருந்தது. ஒரு வழியாகப் பாவாடை இறங்கியபோது ஒரு நிமிஷம்தான் இருந்தது, டீம் ஒரு பாயிண்ட் பின்னால் நின்றது. அந்த ஒரு நிமிஷமும் கேப்டனால் பந்தைத் தொட முடியவில்லை. ஆனால் தமிழ்வேந்தன் கடைசியாக எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. ஆலை டீம் தோற்றது.

கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்த திருப்தியில், தோற்ற கோச் என்பதையே மறந்து மேனேஜரிடம் போனார்.

“இன்னா ஆட்டங்க அந்தத் தமிழ்வேந்தன்” என்றார் ராமசாமி. “கடைசி பத்து நிமிஷத்துல ஒத்த ஆளா பன்னெண்டு போட்டான்.”

“பாவாடைய எடுத்தப்புறம் இன்னா ஆச்சின்னு பாத்தீங்களா சார்?”

“நீங்கதான எடுத்தீங்க? கோச்சே வேணான்னு ஒக்கார வச்ச ஆளுக்கு நான் இன்னா சொல்லி ஆர்டர் போடறது?”

“காட்டறதுக்குத்தான் சார் எடுத்தேன். வேணும்னேதான்.”

ராமசாமி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வேணும்னே தோத்தேன்னு வெளிய சொல்லாதீங்க. உங்க வேலயும் போயிடும்.”

தமிழ்வேந்தனுக்கு ஆர்டர் வந்தது. ஆர்டர் வந்த இரண்டாம் நாள் மறியல் தொடங்கியது. சாலையோரப் புளியமரங்களை வெட்டி வழியெல்லாம் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பால் இல்லை. விழுப்புரம் பக்கம் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்ததாகச் சேதி வந்தது. ரங்கம்மாள் தடுத்தும் கேட்காமல் நாராயணசாமி கச்சிராயபாளையம் பாதையில் நடந்தார்.

பாவாடையை வீட்டில் பார்க்க முடியவில்லை. சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்த அதிகாரிகள் கூலிக்கு ஆள் பிடித்திருந்தார்கள். சாலையில் நாலைந்து பேரோடு கிளை கழித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள். மரத்தை வெட்டியவர்கள் எந்த நேரமும் திரும்பி வரலாம், வந்தால் அடி விழுவது இவர்கள் மேல்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

“இன்னா சார், இவ்ளோ தூரம் நடந்துகினா வந்தீங்க?”

நாராயணசாமி எல்லாவற்றையும் சொன்னார். பாவாடை கோடாலியைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டான்.

“அப்ப நான் சரியாத்தான் ஆடிகினு இருந்தேனா?”

“சரியாத்தான் ஆடின.”

“அது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“என்ன உள்ளயே வுட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்.”

“ஜெயிச்சிருப்போம்.”

பாவாடை கோடாலிப் பிடியில் ஒட்டியிருந்த பட்டையைச் சுரண்டினான். “எம் பொண்டாட்டி கிட்ட, எனக்கு ஆட வரலன்னு சொல்லிட்டேன் சார். அதயே அவ நம்பிக்கினு போவட்டும்.” பிறகு கோடாலியை எடுத்தான். “தள்ளி நில்லுங்க. கிள சாயப் போவுது.”

பஸ் ஓடத் தொடங்கியதும் அவன் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டான். நாராயணசாமி விசிலை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் மைதானத்துப் பக்கம் போகவில்லை.

மறு வருஷம் கடலூரிடம் ஆலை டீம் முப்பது பாயிண்டில் தோற்றது. தமிழ்வேந்தன் தனியாக இருபத்தாறு போட்டான். மேனேஜர் அவனுக்குக் கைக்கடிகாரம் பரிசு கொடுத்தார்.