நால்வருக்கான படகு

படகு வாங்கியதைப் பற்றி எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. முதல் அடியை அடித்தவர் யார் என்பதிலேயே என் கணவரும் அவர் தம்பியும் இன்றுவரை உடன்படவில்லை. எதிர்வீட்டாரின் கதை வேறு. இதில் ஒருவருடைய உடலுக்கு மீளாச் சேதம் நேர்ந்திருப்பதால், கேள்விப்பட்டதைக் கொண்டு இட்டு நிரப்பினால் அது யாரோ ஒருவர்மேல் பழி சுமத்துவதாக முடியும். ஆகவே நானே கண்டதையும், அடித்தவரும் அடிபட்டவரும் ஒருசேர ஒப்புக்கொண்டதையும் மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை விட்டுவிடுகிறேன்.

குன்றத்தூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, அடையாற்றை ஒட்டிய தாழ்வான மனைப்பிரிவில் எங்கள் வீடு. கீழ்த்தளத்தில் மாமனாரும் கொழுந்தனும். மேல்தளத்தில் நானும் கணவரும். கணவர் ஒரகடத்தில் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறார். கொழுந்தன் ஸ்ரீபெரும்புதூரில் கார்த் தொழிற்சாலையின் உற்பத்தி லைனில் நிற்கிறான். மாமனாருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அதற்கென்று அவரது இடது முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருந்தார்கள். அவ்விடத்தில் விரல் வைத்தால் குருதி பாயும் அதிர்வு, அடைபட்ட வண்டு இரைவதுபோல் தெரியும். அந்தக் கையில் கடிகாரம் கட்டக்கூடாது, பளு தூக்கக்கூடாது, அடிபடவே கூடாது. நாள்தோறும் காலையில் அவர் அதைக் காதருகே வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு, "வண்டி ஓடுது" என்பார்.

முந்தைய வெள்ளத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு மீட்புப் படகு வந்தது. அதில் ஒருவருக்கு இடமிருந்தது. எதிர்வீட்டுக்காரர் தம் மனைவியை அதில் ஏற்றிவிட்டார். மாமனாருக்கு டயாலிசிஸ் தவறியது. கால்கள் வீங்கித் தூண்களாயின, படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியில் அமர்ந்தபடியே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிழைத்தார். நீர் வடிந்த அன்று கொழுந்தன் எதிர்வீட்டு வாசலில் நின்று அவரைப் பெயர் சொல்லி அழைத்தான். வெளியே வந்தவரைத் தலைக்கவசத்தால் முகத்தில் அடித்தான். முன்பற்கள் உடைந்தன. அவர் மனைவி படியில் குனிந்து, சேற்றுக்குள் பல்லைத் தேடினார். இதை இரு வீட்டாரும் மறுப்பதில்லை.

அதன்பின் சொந்தமாகப் படகு வாங்குவது என்று முடிவாயிற்று. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒருவர், மூடப்பட்ட உல்லாச விடுதியின் படகுகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஏற்றவையாக இரண்டு இருந்தன. பெரியது எட்டுப் பேர் அமரும் ஃபைபர் படகு. குறுக்கே பலகைகள், கனத்த மோட்டார். சிறியது காற்றடைக்கும் ரப்பர் படகு, நால்வர் அமரலாம், மோட்டாரை ஒருவரே தூக்கிவிடலாம்.

கணவர் பெரியதை விரும்பினார். கொழுந்தன் சிறியதை விரும்பினான். எங்கள் தெருவில் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் ஒவ்வொருவரும் வாசலை உயர்த்தி, சாய்தளத்தைத் தெருவுக்குள் நீட்டியிருக்கிறார்கள். தெருமுனையில் பெரிய படகு திரும்பாது என்று கொழுந்தன் சொன்னது உண்மை. ரப்பர் படகின் அடித்தட்டில் மாமனார் கால் மடக்கி உட்கார முடியாது என்று கணவர் சொன்னதும் உண்மை. ஆனால் இருவரும் மெய்யாகவே வாதிட்டது எதிர்வீட்டைப் பற்றித்தான்.

"பெருசு வாங்கினா தெருவே ஏறும்ணா. எவனையும் வேணாம்னு சொல்ல முடியாது."

"ஏறட்டும். நமக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"அவனும் ஏறுவான்."

"ஏறட்டும்டா."

இருவரும் ஒப்புக்கொண்ட சொற்கள் இவை.

விற்பவர், கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் தேங்கிய நீரில் படகுகளை ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார். மாமனாரின் எடைக்கு ஈடாக இரண்டு அரிசி மூட்டைகளை எடுத்துச் சென்றோம். மூட்டைகளைக் காரில் ஏற்றும்போது மாமனார் சன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அரிசிடா அது?"

"ரேஷன் அரிசிப்பா" என்றான் கொழுந்தன்.

"அப்ப அது நானில்ல. பொன்னி மூட்ட எடுத்துக்கினு போங்க. முழுகினாலும் ஒரு மரியாத வேணும்."

"முழுகினா மூட்டைய எடுப்பேன், உன்ன வுட்டுடுவேன்."

"தெரியுமே" என்றார் மாமனார்.

குவாரியின் சுவர்கள் செங்குத்தானவை. வெடி வைத்துப் பிளந்த பாறைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கத்திபோல் துருத்திக்கொண்டிருந்தன. நான் விற்பவருடன் கரையில் நின்றேன். சிறிய படகு முதலில் போயிற்று; நான்கு பக்கமும் துள்ளியது; மூட்டை ஒன்று சரிந்து விழுந்தது. அடுத்துப் பெரிய படகில் அண்ணனும் தம்பியும் ஏறினர். தம்பி மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்திருந்தான். நடுநீரில் அவர்கள் பேசுவது தெரிந்தது. மோட்டார் இரைச்சலில் சொற்கள் கேட்கவில்லை. பின்னர் இருவரும் ஒரேபோல் சொன்னது இது: எதிர்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெரிய படகை இரு வீட்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். "அவன் பல்ல நீ பொறுக்கிக் குடுத்தியா?" என்று கேட்டான் தம்பி.

அடுத்து நான் கண்டது, இருவரும் எழுந்து நிற்பதை. கணவர் தம்பியின் சட்டையைப் பற்றியிருந்தார். கொழுந்தன் முட்டியால் அவர் வயிற்றில் இடித்தான். கணவர் துடுப்பை எடுத்து அவன் தோளில் அறைந்தார். அந்த ஓசை பாறைச் சுவரில் பட்டு எங்களுக்குத் திரும்பி வந்தது. பிடிப்பாரில்லாத மோட்டார் தானே திரும்பியது. படகு முழுவேகத்தில் பாறையில் மோதிற்று. கணவர் முன்னால் சாய்ந்து, பலகையின் விளிம்பில் நெற்றியை மோதிக்கொண்டார். எழுந்தபோது ஒரு கண் தெரியவில்லை, குருதி மூடியிருந்தது. கொழுந்தன் தன் சட்டையைக் கழற்றி அவர் நெற்றியில் அழுத்தினான். அழுத்திக்கொண்டே கெட்ட வார்த்தையில் திட்டினான். அது கரைவரை கேட்டது.

"குடும்பமா வந்து வாங்குறவங்கதான் இப்டி" என்றார் விற்பவர், யாரிடமோ போல.

நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தபின் கணவர் சொன்னார்: "பெருசுல சண்ட போட எடம் கீது. சின்னதே வாங்கிக்க." அவ்வளவே. ரப்பர் படகு வீட்டுக்கு வந்தது. மாமனார் உட்காருவதற்கு ஒரு பலகையைக் குறுக்கே வைத்துக் கட்டினார்கள். கயிற்றின் இரு முனைகளை அண்ணனும் தம்பியும் இழுத்தார்கள்.

கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரியின் மதகுகளைத் திறந்தார்கள். விடிந்தபோது தெருவில் கழுத்தளவு நீர். டயாலிசிஸுக்கு உரிய நாள் அது. முந்தின நாளே மாமனாரின் முகம் உப்பியிருந்தது. மொட்டைமாடியிலிருந்து படகை இறக்கிக் காற்றடித்தார்கள். மாமனாரைப் பலகையில் அமர்த்திப் பின்னிருந்து நான் பிடித்துக்கொண்டேன். கொழுந்தன் மோட்டாரருகே. மருத்துவமனைப் பையும் மற்ற பொருள்களும் நான்காம் ஆளின் இடத்தை அடைத்துக்கொண்டன. கணவர் மாடிப்படியில் நின்றுவிட்டார்.

எங்கள் வாசலைத் தாண்டியதும் வெள்ளத்தின் இழுப்பு பக்கவாட்டில் தாக்கியது. படகு சுழன்றது. மோட்டாரில் ஏதோ துணி சிக்கி நின்றுபோயிற்று. எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரின் மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகள் நீர்மட்டத்தில் மின்னின. படகு அவற்றை நோக்கிச் சாய்ந்தது. அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் தம் படியிலிருந்து நீரில் இறங்கினார். கழுத்துவரை மூழ்கி, தலையை அண்ணாந்து, படகின் பக்கத்துக் கயிற்றை ஒரு கையால் பற்றினார். படகு அவர் பக்கம் தாழ்ந்தது. மாமனார் என்மேல் சரிந்தார்.

"கைய வுடு" என்றான் கொழுந்தன்.

அவர் ஏதோ சொன்னார். மழையில் எனக்குக் கேட்கவில்லை.

"கைய வுடுடா. ஒடச்சிடுவேன்."

கொழுந்தன் முழந்தாளிட்டுத் துடுப்பை இரு கையாலும் ஓங்கினான். மாமனார் குனிந்தார். கயிற்றைப் பற்றியிருந்த விரல்களின்மேல் தம் இடது முன்கையை வைத்தார். வலக்கையால் பலகையைப் பிடித்திருந்தார். நீட்டுவதற்கு அவரிடம் இருந்தது அந்தக் கைதான். துடுப்பு இறங்கிற்று.

மாமனார் நீளமாக மூச்சு விட்டார். முன்கை என் கண்முன்னே உப்பிக் கறுத்தது. நான் என் விரல்களை அதன்மேல் வைத்தேன். அழுத்திப் பார்த்தேன். இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை.

"அப்பா" என்றான் கொழுந்தன். பிறகு, "அண்ணி, பாருங்க அண்ணி" என்றான்.

"இல்ல" என்றேன்.

எதிர்வீட்டுக்காரர் கயிற்றை விடவில்லை. நீருக்குள் கால் ஊன்றிப் படகைச் சுவரிலிருந்து விலக்கி, மேட்டுச் சாலைவரை நடந்தே இழுத்துக்கொண்டு வந்தார். அவர் விரல்கள் இரண்டு வளைந்திருந்தன, மறுகைக்கு மாற்றிக்கொண்டார். கொழுந்தன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். சாலையில் ஏறியபின் மாமனார் அவரிடம், "பல்லு போச்சு, இப்ப வெரலும் போச்சா?" என்று கேட்டார். அவர் திரும்பி நீரில் இறங்கிவிட்டார்.

மருத்துவமனையில் கழுத்தில் குழாய் செருகி அன்றைய டயாலிசிஸை முடித்தார்கள். இடக்கையின் இணைப்பில் குருதி உறைந்துபோயிற்று. திறக்க முயன்றார்கள், முடியவில்லை. வலக்கையில் புதிதாகத் தைத்திருக்கிறார்கள். அது பயன்படும் அளவுக்கு முதிருமா என்று இன்னும் சொல்லவில்லை. அதுவரை கழுத்துக் குழாய்தான். அதில் ஒருமுறை சீழ் பிடித்துக் குளிர்காய்ச்சலில் கட்டில் அதிர நடுங்கினார். கொழுந்தன் இப்போது லைனுக்குப் போகாத நாள்களில் தந்தையின் அருகிலேயே இருக்கிறான். சோறு ஊட்டுகிறான். அவர் திட்டினால் திரும்பத் திட்டுகிறான். ரப்பர் படகைக் கத்தியால் கிழித்தவன் அவனே, நான் பார்த்தேன். கணவர் மறுவாரம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனார். பெரிய படகு விற்றுப்போயிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தது ஏறுவதற்கா, படகைச் சுவரிலிருந்து காப்பதற்கா என்பது எனக்குத் தெரியாது. காப்பதற்கு என்கிறார் அவர். ஏறுவதற்கு என்கிறான் கொழுந்தன். மாமனார் இதைப் பற்றிப் பேசுவதில்லை. துடுப்பு இறங்குமுன் தந்தையின் கை அங்கே வந்ததைக் கொழுந்தன் கண்டானா என்பதும் தெரியாது. அவனிடமே கேட்டேன். தனக்கும் தெரியவில்லை என்றான்.