லின் வெட்டிக் கொடுத்த முள்முருக்கு

"குவாங்ஜோ இல்லைத் தம்பி, சுவான்ஜோ! எத்தனை தரம் சொல்லுறது?"

மொன்ட்ரியாலின் டோர்வல் விமான நிலையத்துக்குப் போகும் காலைப் பேருந்தில் புஷ்பவதி அக்கா என்னைத் திருத்துவது இது பதினைந்தாவது தடவையாவது இருக்கும். அங்கே துப்புரவு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து மனுசி. வேலைத்தளத்தில் யாராவது இந்த இரண்டு சீன ஊர்களையும் குழப்பினால், மொப்பை ஊன்றிக்கொண்டு நின்று பாடம் எடுப்பார். மேலாளரும் தப்பியதில்லை.

"கடற்கரைப் பட்டினம். எங்கட ஆக்கள் கப்பலில போய் வியாபாரம் செய்து, சிவனுக்குக் கோயிலும் கட்டி, தமிழில கல்லும் வெட்டி வைச்ச இடம். எழுநூறு வருசத்துக்கு மேல. லேசுப்பட்ட ஊரெண்டு நினைச்சீரோ?"

இவ்வளவும் கூட வேலை செய்யும் லின் சொன்னது. அவள் அந்த ஊர்க்காரி. இருவருக்கும் பொதுவானது அரைகுறைப் பிரெஞ்சு; மிச்சத்தைக் கைகள் பார்த்துக்கொள்ளும்.

போன ஆனியில் அக்காவின் மகள் துவாரகாவுக்குக் கலியாணம். கலியாணத்துக்கு முன் பந்தக்கால் போல நடும் கன்னிக்காலுக்கு முள்முருக்கங் கொப்பு, அதுதான் கல்யாண முருங்கைக் கிளை, வேண்டும். மொன்ட்ரியாலில் அதற்கு எங்கே போவது? எல்லோரும் வாளி மண்ணில் ஒரு மேப்பிள் கொப்பை நட்டுச் சமாளிக்கிறார்கள். அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. "கன்னிக்கால் தளிர்த்தால்தானே பிள்ளையின்ர வாழ்வும் தளிர்க்கும்" என்று வேலைத்தளச் சாப்பாட்டு அறையில் இருந்து அழுதிருக்கிறார். என்னவென்று கேட்ட லின்னுக்குக் கைபேசியில் அந்தச் சிவப்புப் பூவைக் காட்ட, அவள் "சித்தோங்!" என்று துள்ளினாளாம். அவள் மொழியில் முள்முருக்குக்கு அதுதான் பெயராம்; சுவான்ஜோவின் பழைய பெயரே முள்முருக்கு நகரம்தானாம். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி அந்த மரம்தானாம்.

கன்னிக்கால் நாள் காலை, தன் வீட்டு யன்னலோரம் சாடியில் எட்டு வருடம் வளர்த்த முள்முருக்கின் தலையையே வெட்டிக்கொண்டு லின் வந்து நின்றாள். ஊன்றிய கொப்பு இரண்டு மாதத்தில் தளிர்த்தும் விட்டது.

லின்னின் மரம்தான் பட்டுப்போனது. அவள் மூச்சுக் காட்டவில்லை. போன கிழமை அவள் வீட்டுக்குப் போன அக்கா வெறும் சாடியைக் கண்டார்.

"கேட்டால் 'சவா, சவா', பரவாயில்லை எண்டு சிரிக்கிறாள் தம்பி. எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு. மெர்சி எண்டு ஒரு நன்றி சொன்னாக் காணுமே?"

தளிர்த்த கன்னிக்காலை லின்னுக்கே கொடுத்துவிட அக்கா நினைத்ததும், அதை வீட்டை விட்டு அனுப்பவே கூடாதென்று சொந்தக்காரர் குதித்தார்களாம். "எனக்கும் பயம்தான். பிள்ளையின்ர வாழ்வெல்லோ? பேந்து துவாரகாவைக் கேட்டன். 'அந்த அன்ரி குடுத்ததுதானே அம்மா, குடுங்கோ' எண்டிட்டாள்."

இன்று அந்தக் கொப்பு சாடியோடு அக்காவின் மடியில் இருந்தது. "அப்ப சுவான்ஜோக்காரியிட்டையே திரும்பிப் போகுது" என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

இறங்குமிடம் வந்தது. கதவு திறந்ததும் ஐப்பசிக் குளிர் உள்ளே பாய்ந்தது. அக்கா தன் கம்பளித் தொப்பியைக் கழற்றித் தளிர்களின் மேல் மெல்லக் கவிழ்த்தார். சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறுந்தலையோடு காற்றுக்குள் இறங்கினார்.